தோ மூ அம்மனின் ஒன்பது நாள்: சிங்கப்பூரில் முதன்முறை போகிறவர்களுக்கு

சீனர்களின் ஒன்பதாம் சந்திர மாதத்தில் முதல் ஒன்பது நாளும் நட்சத்திரத் தாய் தோ மூவுக்கும் அவள் பிள்ளைகளான ஒன்பது பேரரசர்களுக்கும் உரியவை. பக்கத்து வீட்டு ஆண்டி (ஆன்ட்டி) கூப்பிட்டதால் நான் முதல் வருடம் போனேன். யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியவில்லை. என் பெயர் தவறான ஆண்டில் பதிவானது. வெங்காய சாம்பார் சாப்பிட்டுவிட்டு வரிசையில் நின்றேன். எதற்கு எவ்வளவு காணிக்கை என்று தெரியாமல் கையிலிருந்த காசு தீர்ந்துபோய்ப் பாதியில் திரும்பினேன். அடுத்த வருடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் சரிசெய்துகொண்டேன். கேட்டதை எல்லாம் வரிசையாக இங்கே தருகிறேன். மலேசியாவில் அம்பாங்கிலோ பினாங்கிலோ இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான். செலவுக் கணக்கை மட்டும் அந்த ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

1. யாரைக் கும்பிடப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சீனத்தில் 'தோ' என்றால் தானியம் அளக்கும் மரக்கால். வடவானத்தில் நாம் சப்தரிஷி மண்டலம் என்று சொல்லும் ஏழு விண்மீன்களுக்கும் அதே பெயர்தான். 'மூ' என்றால் தாய். ஏழு விண்மீன்களும் கண்ணுக்கு எளிதில் படாத இரண்டும் சேர்ந்து ஒன்பது பிள்ளைகள். இவர்களைத்தான் ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியில் 'கியூ ஓங் யா' என்கிறார்கள். திருமணத்தில் அம்மி மிதித்துப் பார்க்கும் அருந்ததியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது விண்மீனை ஒட்டியிருக்கும் அந்தச் சின்னப் புள்ளிக்குச் சீனர்கள் வைத்த பெயர் 'ஃபூ', அதாவது உதவியாளர். எட்டாவது பிள்ளையாகப் பலர் காட்டுவது அதைத்தான். இது தெரிந்த பிறகு எனக்கு அந்தச் சந்நிதி அந்நியமாகவே தோன்றவில்லை.

சிலையை அடையாளம் காண்பது எளிது. மூன்று கண், எட்டுக் கை, பல இடங்களில் நான்கு முகம். மேலே தூக்கிய இரண்டு கையில் ஒன்றில் சூரியன், ஒன்றில் சந்திரன். சூரிய சந்திரனைப் பார்த்துவிட்டால் அவள்தான். பல கை இருப்பதால் கருணைத் தெய்வமான குவான் யின் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஒன்பது பேரரசர்களுக்குப் பெரும்பாலும் சிலை தேடாதீர்கள். அவர்கள் வந்து தங்குவது தூபக் கலசத்தில். அது உள்ளறையில் இருக்கும். அங்கே நமக்கு அனுமதி கிடையாது.

சிங்கப்பூரில் முதலில் போய்ப் பார்க்க நான் சொல்வது ஹவ்காங் தோ மூ குங். அப்பர் சிராங்கூன் சாலையில், சிராங்கூன், கோவன் என்ற இரண்டு எம்ஆர்டி ரயில் நிலையங்களுக்கு நடுவில் இருக்கிறது. 1921இல் கட்டியது, 2005இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். எதிரே நிரந்தர நாடக மேடையும் உண்டு. விழா இல்லாத ஒரு சாதாரண நாளில் போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். கூட்டத்தில் முதன்முறை போனால் எது எங்கே என்றே பிடிபடாது.

2. தேதியைப் பிடியுங்கள்

2026இல் விழா அக்டோபர் 10 முதல் 18 வரை. 2027இல் செப்டம்பர் 30 முதல் அக்டோபர் 8 வரை. ஒன்பதாம் நாள்தான் தோ மூவின் பிறந்தநாள்.

2026இல் நவராத்திரி அக்டோபர் 11 அன்று தொடங்குகிறது, ஒரே நாள் வித்தியாசம். அதற்காக "நவராத்திரியோடு சேர்ந்து வரும்" என்று மனதில் குறித்து வைக்காதீர்கள். 2024இல் இரண்டும் ஒரே நாளில், அக்டோபர் 3 அன்று தொடங்கின. 2025இல் சீன நாட்காட்டியில் ஒரு மாதம் கூடுதலாக வந்ததால், நவராத்திரி செப்டம்பர் 22இல் தொடங்க, இந்த விழா அக்டோபர் 21இல்தான் தொடங்கியது. முழுதாக ஒரு மாத இடைவெளி. ஒவ்வொரு வருடமும் சீனத் தினசரி நாட்காட்டியைப் பார்த்தே முடிவுசெய்யுங்கள்.

இன்னொன்று, தெய்வத்தை வரவேற்கும் ஊர்வலம் பல கோயில்களில் முந்தின நாளே, அதாவது எட்டாம் மாதக் கடைசி நாளன்றே நடந்துவிடும். வழியனுப்பும் நேரமும் கோயிலுக்குக் கோயில் மாறும். நள்ளிரவைத் தாண்டுவதும் உண்டு. வாசலில் ஒட்டியிருக்கும் நிகழ்ச்சித் தாளைப் படம் எடுத்து, சீனம் தெரிந்த ஒருவரிடம் காட்டி மணி நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. உங்கள் சந்திரப் பிறந்தநாளை எழுதி எடுத்துப் போங்கள்

நான் அதிகம் தடுமாறியது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக்குப் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்பார்கள். இங்கே நம் பெயரில் ஏற்றும் விளக்குக்குக் கேட்பது பெயர், சந்திர நாட்காட்டிப்படி பிறந்த நாள், பிறந்த நேரம், வீட்டு முகவரி. உங்கள் ரோகிணி, மகம் எதுவும் இங்கே பயன்படாது. நம் நட்சத்திரம் பிறந்த அன்றைக்குச் சந்திரன் நின்ற இடம். இவர்கள் கணக்கில் நீங்கள் பிறந்த ஆண்டின் விலங்குதான் உங்களை ஏழு விண்மீன்களில் ஒன்றின் பொறுப்பில் சேர்க்கிறது. அந்த வரிசை இது:

எலி ஆண்டு – முதல் விண்மீன், தான்லாங்.
எருது, பன்றி – இரண்டாவது, ஜூமென்.
புலி, நாய் – மூன்றாவது, லூசுன்.
முயல், சேவல் – நான்காவது, வென்சூ.
கடல்நாகம் (டிராகன்), குரங்கு – ஐந்தாவது, லியன்ஜென்.
பாம்பு, ஆடு – ஆறாவது, வூசூ.
குதிரை – ஏழாவது, போஜுன்.

ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்கள் இங்கே கவனம். ஆண்டு ஜனவரி 1இல் மாறாது, சீனப் புத்தாண்டில்தான் மாறும். நான் பிறந்தது 1985 ஜனவரி 25. "1985 என்றால் எருது" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த வருடம் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 20 அன்றுதான். ஆக நான் எலி ஆண்டு, பன்னிரண்டாம் மாதம், ஐந்தாம் நாள். முதல் விண்மீனுக்கு எரிய வேண்டிய என் விளக்கு ஒன்பது நாளும் இரண்டாவதற்கு எரிந்தது. அதே போல 1990 ஜனவரி 20 அன்று பிறந்தவர் குதிரை அல்ல, பாம்பு. அந்தப் புத்தாண்டு ஜனவரி 27.

படிவத்தில் வயதையும் கேட்பார்கள். பிறந்ததுமே ஒன்று, ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் ஒன்று கூடும். என் அடையாள அட்டைப்படி 2026 அக்டோபரில் 41 வயது. அவர்கள் கணக்கில் 43. இதைத் தவறு என்று நினைத்து அடித்து எழுதாதீர்கள்.

பிறந்த நேரம் இரண்டு இரண்டு மணி நேரமாகப் பிரிந்தது. இரவு 11 முதல் 1 வரை எலி நேரம், அங்கிருந்து வரிசையாக வரும். நேரம் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். 'ஜீ ஷி', அதாவது நல்ல நேரம் என்று எழுதிக்கொள்வார்கள். அப்படி எழுதுவது வழக்கத்தில் உள்ளதுதான்.

கொண்டு போக வேண்டியவை: குடும்பத்தில் ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படி, ஆங்கிலத் தேதியும் சந்திரத் தேதியும் பக்கத்தில் பக்கத்தில், புளோக் எண், மாடி, வீட்டு எண், அஞ்சல் குறியீடு. இதை ஒரே தாளில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. ஆனால் அதைப் பார்த்து எழுதுங்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாற்றிக் கொடுத்த தேதி நம்மில் பலருக்கு உண்டு. முகவரியில் வீட்டு எண்ணை விடாதீர்கள். மஞ்சள் தாளில் எழுதி, தாவோயிசம் என்ற சீன மதத்தின் பூசாரி தெய்வத்தின் முன் உரக்கப் படிப்பது அந்த விவரத்தைத்தான்.

4. பெயர்ப் பதிவும் செலவும்

எட்டாம் மாதப் பௌர்ணமியில் வரும் நிலா விழா 2026இல் செப்டம்பர் 25. அது முடிந்ததும் கோயில் அலுவலக மேசையில் கேட்கத் தொடங்குங்கள். முதல் நாளன்று போய்ப் பெயர் கொடுத்தால் பட்டியல் எழுதி முடிந்திருக்கும்.

பதிவதற்கு இரண்டு வகை பொதுவாக உண்டு. ஒன்று ஒருவர் பெயரில் அல்லது குடும்பப் பெயரில் ஒரு விளக்கு. இன்னொன்று 'லீ தோ', மரக்கால் வழிபாடு. ஒரு மரக்கால் நிறைய அரிசி, அதன் நடுவில் எண்ணெய் விளக்கு, சுற்றி ஒரு கண்ணாடி, கத்தரிக்கோல், அடிக்கோல், துலாக்கோல், சின்ன வாள், மேலே குடை. நம் வீட்டு மணையில் வைக்கும் நிறைநாழியைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதன் முன்னால் கண் கலங்கியது உண்மை. இரண்டாவது வகைக்குக் காணிக்கை அதிகம், இடமும் குறைவு. எல்லாக் கோயிலிலும் நடப்பதும் இல்லை. முதல் வருடம் குடும்ப விளக்கு போதும்.

இரண்டாம் வருடம் எனக்கு ஆன கணக்கு: குடும்ப விளக்கு 38 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஒன்பது நாளும் இரண்டிரண்டு வெள்ளிக்கு எண்ணெய் 18, ஊதுபத்தி 10, இரண்டு தடவை பழம் 15, வெள்ளைச் சட்டையும் கால்சட்டையும் 25, உண்டியல் 20. சாப்பாடு சேர்க்காமல் 126 வெள்ளி. காசில்லாமலும் கும்பிடலாம், பத்தி மட்டும் ஏற்றிவிட்டு வருகிறவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளித் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டியதும் ரசீதில் பெயரும் ஆண்டும் சரியாக இருக்கிறதா என்று மேசையை விட்டு நகர்வதற்கு முன் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வாசலுக்கு வெளியே வந்து "உங்கள் ஆண்டுக்குத் தோஷம், தனியாகப் பரிகாரம் செய்கிறேன்" என்று பேச்சுக் கொடுப்பவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கோயில் மேசையில் ரசீதோடு நடப்பது மட்டும் போதும்.

5. சாப்பாடு: நம் சைவம் இங்கே போதாது

ஒன்பது நாளும் விரதம். மஞ்சள் துணியில் சிவப்பாக எழுதிய கொடி பறக்கும் கடைகளில் அந்த விரதச் சாப்பாடு கிடைக்கும். மாமிசம், மீன், முட்டை கிடையாது. அது நமக்குப் புரியும். பூண்டு, வெங்காயம், வெங்காயத்தாள், லீக்ஸ் இவையும் கிடையாது. நம் ஆட்கள் தவறுவது இதில்தான்.

பௌத்தர்கள் விலக்கும் ஐந்து நெடி வகையில் பெருங்காயமும் ஒன்று. பழைய தாவோயிசப் பட்டியலில் கொத்தமல்லி வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நம் ரசத்தில் புளித்தண்ணீரும் மிளகும்தான் மிஞ்சும். நான் கேட்ட பெரியவர்களில் பலர் வெங்காயம், பூண்டு வகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் பெருங்காயத்தையும் விட்டுவிட்டேன், ஒன்பது நாள்தானே. பால், தயிரில் கோயிலுக்குக் கோயில் வழக்கம் மாறும். நீங்கள் பெயர் கொடுத்த கோயிலில் கேட்டு அதன்படி நடங்கள்.

லிட்டில் இந்தியாவில் 'சுத்த சைவம்' என்று எழுதியிருக்கும் கடைக்குள் நம்பிப் போய் உட்காராதீர்கள். சட்னியில் சின்ன வெங்காயம், பொடியில் பூண்டு. வீட்டில் வெங்காயம் இல்லாத பொங்கல், மோர்க்குழம்பு, பருப்பு, சாதம் என்று ஒன்பது நாளுக்கு முன்பே பட்டியல் போட்டுவிடுங்கள். வெளியே என்றால் கொடி போட்ட கடையில் சைவ பீஹூன் (அரிசி நூடுல்ஸ்) நாலைந்து வெள்ளிக்குள் முடியும். சில நாட்களில் கோயிலிலேயே இலவசச் சாப்பாடும் போடுவார்கள்.

பலர் மூன்று நாள் முன்பே விரதத்தைத் தொடங்குகிறார்கள், உடம்பு சுத்தமாவதற்காக. ஒன்பது நாளும் முடியாதவர்கள் முதல் நாளும் ஒன்பதாம் நாளுமாவது இருக்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர்கள் வேளை தவறாமல் சாப்பிடுங்கள். இது பட்டினி விரதம் இல்லை.

6. உடையும் தீட்டும்

வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. இடுப்பிலோ மணிக்கட்டிலோ கட்ட மஞ்சள் துணி கோயிலில் கிடைக்கும். தலையில் வெள்ளைத் துணி கட்டியவர்களையும் பார்ப்பீர்கள். கறுப்பு வேண்டாம். வெள்ளை உடை இல்லாவிட்டால் வெளிர் நிறத்தில் போகலாம். தெய்வம் வரும் பல்லக்கின் அருகில் மட்டும் போகாதீர்கள்.

தீட்டு விஷயத்தில் நம் பாட்டிகளைப் போலவே கறாராக இருப்பார்கள். வீட்டில் இறப்பு நடந்தவர்கள் 100 நாள் வரை தள்ளியிருப்பது பரவலான வழக்கம். மாதவிலக்கில் உள்ள பெண்கள் கலசத்துக்கும் பல்லக்குக்கும் அருகில் போவதில்லை. இதை ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் விருந்தினராகப் போகிற இடத்தில் அவர்கள் வழக்கத்தை மதித்து வெளிமுற்றத்தில் நின்று கும்பிடுவது நல்லது என்பது என் கருத்து.

7. உள்ளே போனதும்

முதலில் வாசலுக்கு நேராக, வானத்தைப் பார்த்து வைத்திருக்கும் தூபக் கலசம். அது வானத் தெய்வத்துக்கு. ஊதுபத்தி மூன்றை ஏற்றி, வெளிப்பக்கம் திரும்பிக் கும்பிட்டு அங்கே செருகுங்கள். பிறகுதான் உள்ளே. தீயை வாயால் ஊதி அணைக்காதீர்கள், கையால் விசிறி அணையுங்கள். நம் விளக்குக்கும் அதே முறைதானே.

தோ மூ முன்னால் என்ன சொல்வது என்று ஆண்டியிடம் கேட்டேன். "முதலில் பெயரைச் சொல், அப்புறம் எந்த புளோக் எந்த வீடு என்று சொல், பிறகு வேண்டியதைக் கேள்" என்றார். "தமிழில் சொல்லலாமா ஆண்டி?" என்றதற்கு, "அம்மாவிடம் எந்த மொழியில் சொன்னால் என்ன?" என்றார். அன்றிலிருந்து தமிழில்தான் சொல்கிறேன்.

வெளியே உயரமான மூங்கிலில் ஒன்பது விளக்கு தொங்குவதைப் பாருங்கள். அது ஏறியிருக்கும் வரை தெய்வம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அந்த மூங்கிலைத் தொடவோ அதன்மேல் சாயவோ வேண்டாம். சிலை, மேடை, கூட்டம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படம் எடுக்கலாம். பேரரசர்களின் கலசத்தை மட்டும் படம் எடுக்கக் கூடாது. அது கடந்து போகும்போது மஞ்சள் குடை மறைத்துக்கொண்டு போகும், சுற்றியுள்ளவர்கள் மண்டியிடுவார்கள். கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு நீங்களும் குனிந்துவிடுங்கள்.

8. கடலோரத்தில்

ஒன்பதாம் நாள் இரவு கலசத்தைக் கடலுக்கோ ஆற்றுக்கோ கொண்டுபோய் வழியனுப்புவார்கள். பல்லக்கு நேராகப் போகாது. பக்கவாட்டில் பலமாக ஆடி ஆடித்தான் வரும். தூக்குகிறவர்களுக்கே அதன் போக்கு தெரியாது என்பார்கள். பத்தடி தள்ளி நில்லுங்கள், பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் போகாதீர்கள். கோயில் ஏற்பாடு செய்யும் பேருந்தில் இடம் வேண்டும் என்றால் இரண்டு நாள் முன்பே பெயர் கொடுக்க வேண்டும். திரும்பும்போது எம்ஆர்டி நின்றுபோயிருக்கும், டாக்சிக்குக் காசு வைத்திருங்கள்.

9. வீட்டுக்கு வந்த பிறகு

மரக்கால் அரிசியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரித்துக் கொடுப்பார்கள். 'பிங் ஆன்' அரிசி என்று பெயர், நலம் தரும் அரிசி. கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்பதாம் நாள் பெயர்ப் பதிவு ரசீதைக் காட்டினால் சில இடங்களில் தருவார்கள், அதனால் ரசீதைத் தொலைக்காதீர்கள்.

சீனப் புத்தாண்டு சமயத்தில் இதே தோ மூவிடம் இன்னொரு வேலை உண்டு. அறுபது ஆண்டுகளுக்கு அறுபது காவலர்கள், தாய் சுய் என்று பெயர். அவர்களுக்குத் தலைவி இவள்தான். 2026 குதிரை ஆண்டில் குதிரை, எலி, எருது, முயல் ஆண்டில் பிறந்தவர்கள் பெயர் கொடுப்பது வழக்கம். அதற்கும், மூன்றாவது படியில் எழுதிய அதே தாள் போதும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஹாங்காங் போகிறவர்கள் வோங் தாய் சின் கோயிலில் 2011இல் திறந்த நிலவறை மண்டபத்தைப் பாருங்கள். நடுவில் தோ மூ, சுற்றி அறுபது பேரும் நிற்கிறார்கள்.

அந்தப் 'பிங் ஆன்' அரிசியைப் பூஜை அலமாரியில் வைத்துக் கும்பிட வேண்டாம். நான் அப்படி மூன்று மாதம் வைத்து வண்டு பிடித்துவிட்டது. ஆண்டி பார்த்துவிட்டு, "இது சாமி இல்லை, சாப்பாடு" என்றார். வீட்டு அரிசியோடு கலந்து, வெங்காயம் சேர்க்காமல் அந்த வாரமே சமைத்து எல்லோரும் ஒரு பிடி சாப்பிடுங்கள்.